படம் எடுப்பவர், படம் படிப்பவர், படத்தில் இருப்பவர்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே துறையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர் தோழர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இது இலக்கியக் கூட்டம்மா" என்றார். "தெரியும் தோழர். அய்யா முப்பத்தொரு வருசம் எங்க வேலை பார்த்தார்னு உங்களுக்கும் தெரியும்" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

இன்று நாம் நினைவுகூரும் அய்யாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். புத்தகக் கட்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருவார். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அது பேச்சாளருக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுக்கும். நமக்கெல்லாம் அவர் அய்யா. இந்தப் பேச்சிலும் அப்படியே சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்து, இருட்டறை உதவியாளராக ஓய்வு பெற்றவர் அவர். டார்க் ரூம் அசிஸ்டென்ட் என்று அரசாங்கத்தில் இன்றும் அந்தப் பதவி உண்டு.

நம் எழுத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஊர்த் தெரு, டீக்கடை, கிணறு, சுடுகாடு எல்லாம் இருக்கின்றன. நான் படித்த வரையில் ஆஸ்பத்திரி குறைவாகவே இருக்கிறது. ஆனால் நம் மக்கள் பிறப்பதும் சாவதும் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரியில்தான். நம்மில் எத்தனையோ பேர் சம்பளம் வாங்கியதும் அங்கேதான். அதனால்தான் இந்தத் தலைப்பு.

வராந்தாவில் எண்ணியது

2003இல் சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, நோயாளிகளின் காத்திருப்பு பற்றி ஆய்வேடு எழுதுவதற்காக ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. அப்போது அது மாவட்டத் தலைமை மருத்துவமனை. பிறகு மருத்துவக் கல்லூரி ஆனது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த நீண்ட வராந்தாவில் ஒரு நோட்டையும் கைக்கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று குறித்துக்கொள்வதுதான் வேலை.

நான்காம் நாள், உள்ளேயிருந்து ரப்பர் ஏப்ரன் கட்டிய ஒருவர் வந்து நின்றார். கையில் ஈரம் சொட்டும் எக்ஸ்ரே படம்.

"பாப்பா, மூணு நாளா எதையோ எண்ணிக்கிட்டே இருக்கியே, என்னத்த எண்ணுற?"

"எத்தனை பேரு, எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு அய்யா."

"நிக்கிறவங்கள எண்ணுறது சரி. தூக்கிட்டு வர்றவங்கள எண்ணுனியா?"

நான் எண்ணவில்லை. அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். ஒரு நெஞ்சுப் படத்துக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களும் எண்ணிப்பாருங்கள். ஓ.பி. சீட்டு எழுதுபவர். "படம் எடுத்துட்டு வா" என்று சீட்டில் எழுதும் டாக்டர். வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சர் தள்ளி வருபவர். பதிவேட்டில் பெயரும் எண்ணும் எழுதுபவர். நோயாளியை நிறுத்தி, தோளை முன்னால் தள்ளி, "மூச்ச இழு, நிறுத்து" என்று சொல்லும் ரேடியோகிராபர். நிற்க முடியாதவரைப் பிடித்துக்கொள்பவர். இருட்டறையில் படம் கழுவுபவர். அதைக் காயவைத்து எடுத்துப் போய்க் கொடுப்பவர். படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர். கையெழுத்துப் போடும் பேராசிரியர். இடையில் யாராவது வாந்தி எடுத்தால் துடைப்பவர். பத்துப் பேருக்குக் குறையாது. கடைசியில் வெளிவரும் அறிக்கையில் இரண்டே பெயர்கள்: நோயாளி பெயர், டாக்டர் பெயர்.

என் ஆய்வேட்டின் தலைப்பு மாறவில்லை. ஆனால் உள்ளே இருந்தது மாறிவிட்டது.

இருட்டறை

இன்றைய மாணவர்கள் பலர் இருட்டறையைப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது எக்ஸ்ரே கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிடுகிறது. அப்போது அப்படி இல்லை. கதிர் பட்ட படம் தகரப் பெட்டி மாதிரியான ஒரு கேசட்டுக்குள் இருக்கும். அதை இருட்டறைக்குள் கொண்டுபோய், மங்கலான சிவப்பு விளக்கில் திறந்து, சட்டத்தில் மாட்டி, முதலில் டெவலப்பரில் முக்க வேண்டும். பிறகு தண்ணீர். பிறகு ஃபிக்ஸர். மறுபடியும் ஓடுகிற தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும். டெவலப்பர் சூடாக இருந்தால் படம் கருத்துவிடும், குளிர்ந்திருந்தால் வெளிறிவிடும். கைதான் வெப்பமானி. வெளிச்சம் புகக்கூடாது என்பதால் காற்றும் புகாத அறை. ஃபிக்ஸரின் புளிச்ச நெடி மூக்கில் ஏறும். டெவலப்பரில் இருக்கும் ஹைட்ரோகுவினோன் தோலை அரிக்கும், கறையாக்கும். அய்யாவின் நகங்கள் ஓய்வு பெற்ற பிறகும் பழுப்பாகவே இருந்தன.

அவர் அந்த அறைக்கு எப்படிப் போனார் என்று ஒருமுறை கேட்டேன். "நாத்தத்துக்கு யாரும் வரல பாப்பா. நமக்குப் பழக்கம்தானேன்னு அனுப்பிட்டாங்க" என்றார்.

இன்னொரு விஷயமும் சொன்னார். படத்தின் பூச்சில் வெள்ளிச் சேர்மம் இருக்கிறது. கதிர் படாத இடத்து வெள்ளியெல்லாம் கரைந்து ஃபிக்ஸருக்குள் போய்விடும். அதனால் பயன்படுத்தித் தீர்ந்த ஃபிக்ஸரைக் கீழே ஊற்றமாட்டார்கள். கேன்களில் சேர்த்து ஏலம் விடுவார்கள். "நான் கைவிட்டு அளஞ்ச தண்ணியில வெள்ளி இருக்குன்னு ஏலக்காரன் வந்த அன்னிக்குத்தான் எனக்கே தெரியும்" என்று சிரித்தார். கறை அவர் கையில் தங்கியது. வெள்ளி ஏலத்தில் போனது.

இப்போது நான் சொல்ல வந்த இரவுக்கு வருகிறேன். அவரே இந்த மன்றத்தில் சிலருக்குச் சொன்னதுதான். நள்ளிரவு தாண்டி, வயிற்று வலி என்று ஒரு விவசாயக் கூலியைக் கொண்டுவந்தார்கள். நிற்க வைத்து நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அய்யா படத்தை ஃபிக்ஸரிலிருந்து தூக்கி விளக்கில் பிடித்தார். வலது பக்கம், உதரவிதானத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கறுப்பு. படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் காற்று இருக்கக் கூடாது. பெரும்பாலும் குடலோ இரைப்பையோ ஓட்டை விழுந்தால் அங்கே காற்று வரும். பாடப் புத்தகத்தில் அவர் அதைப் படித்ததில்லை. ஆனால் அந்தப் பிறையை அதற்கு முன் பலமுறை பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட படத்துக்கு உரியவர்கள் ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போனதையும், தாமதித்த சிலர் பிணவறைக்குப் போனதையும் பார்த்திருக்கிறார்.

படத்தைக் காயவைக்காமல், சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு ஓடினார். "சார், காத்து இருக்கு சார்" என்று பணியிலிருந்த டாக்டரிடம் காட்டினார். "உன் வேலை படத்தைக் கழுவுறது. கழுவிட்டு, காய வச்சுக் கொண்டா" என்று பதில் வந்தது. அய்யா திரும்பிப் போகவில்லை. படத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எரிச்சலோடு டாக்டர் படத்தை வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டினார். மாட்டியதும் பேச்சில்லை. அந்த மனிதர் விடிவதற்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார், பிழைத்தார்.

மறுநாள் அய்யாவுக்கு ஒரு மெமோ வந்தது. ஈரப் படத்தை வெளியே கொண்டுவந்து தரையை நனைத்ததற்கு விளக்கம் கேட்டு. அதை அவர் கடைசி வரை ஒரு புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தார்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் அந்த டாக்டர் மேல் கோபப்படுகிறார்கள். நான் கோபத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்கிறேன். படம் கழுவுபவர் நோயைச் சொல்லக்கூடாது என்ற விதியில் நியாயம் உண்டு. தவறாகச் சொன்னால் உயிர் போகும். ஆனால் பார்த்ததைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாமே, கேட்டுவிட்டுச் சரிபார்க்கலாமே! அந்த வழி ஏன் அந்தத் துறையில் இல்லை? முப்பத்தொரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான படங்களை முதலில் பார்த்த கண்கள் அவருடையவை. அந்த அறிவுக்குப் பதிவேட்டில் ஒரு பத்தி கூடக் கிடையாது.

1936

வில்ஹெல்ம் ரான்ட்கன் 1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அந்த டிசம்பரிலேயே மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. காப்புரிமை வாங்க மறுத்துவிட்டார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே. இது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது.

குறைவாகச் சொல்லப்படுவது இன்னொன்று. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்ற தொழிலாளி, கதிர்க் குழாய்களைத் தன் கையை வைத்தே சோதித்துப் பார்த்தார். புண் வந்தது, கைகளை வெட்ட வேண்டி வந்தது, 1904இல் இறந்துபோனார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். டாலி மாதிரி இறந்தவர்களுக்கு ஹாம்பர்க் நகரில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் 1936இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். முதலில் 169 பெயர்கள் பொறித்தார்கள். மருத்துவர், இயற்பியலர், வேதியியலர், தொழில்நுட்ப ஊழியர், செவிலியர் எல்லோருக்குமாக அது எழுப்பப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. கேப்டன் பார்னார்டு பெயரில், சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியல் நிறுவனம் 1934இல் தொடங்கப்பட்டது. பல தலைமுறை மருத்துவர்கள் அங்கே படித்து வந்தார்கள்.

1936 என்றதும் இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். லாகூரில் அண்ணல் பேச இருந்த உரையை அழைத்தவர்களே ரத்து செய்ய, அவர் அதைத் தானே அச்சிட்டு வெளியிட்டார். சாதி ஒழிப்பு என்று நாம் படிக்கிற நூல் அது. அதில் அவர் சொன்ன ஒரு கருத்தில்தான் என் சமூகவியல் தொடங்கியது. சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்துகிறார்கள். அது வேலை செய்பவர்களையே பிரித்து, ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைப்பது என்றார் அவர். நவீன இயந்திரம் வந்தால் இந்த அடுக்கு கலைந்துவிடும் என்று நம்மில் பலர் நம்பினோம். நம்மிடம் இருப்பதிலேயே நவீனமான இயந்திரங்கள் எக்ஸ்ரே துறையில்தான் இருக்கின்றன. அடுக்கு கலைந்ததா?

இரண்டு தூரங்கள்

கதிரிலிருந்து தப்பிக்க முதல் வழி தூரம். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதற்குப் பிறகு சுவர், ஈயத் தடுப்பு, ஈய ஏப்ரன். கதிரில் வேலை செய்பவர்கள் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் குத்தியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளவு பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி ஒரு கதிர்ப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளிக்குக் கிடைக்கும் கதிரளவு, மண்ணிலும் வானத்திலும் இருந்து சில நாளில் நம் எல்லோருக்கும் இயல்பாகக் கிடைப்பதற்குச் சமம். எக்ஸ்ரே எடுக்கப் பயப்பட வேண்டாம் என்று ஊரில் சொல்லுங்கள். வயிற்று சி.டி. ஸ்கேன் அதைவிட நூறு மடங்குக்கும் மேல்; தேவைக்குத்தான் எடுக்க வேண்டும். விதிகள் இருந்தால், விதிப்படி நடந்தால், ஆபத்து மிகக் குறைவு.

என் கேள்வி, அந்த விதி யார் வரை வருகிறது என்பதுதான். அழுகிற குழந்தையையும் நிற்க முடியாத முதியவரையும் படம் எடுக்கும்போது யாராவது பிடிக்க வேண்டும். ஊழியர்கள் அதை வாடிக்கையாகச் செய்யக் கூடாது. உடன் வந்தவர் ஈய ஏப்ரன் கட்டிக்கொண்டு பிடிக்கலாம் என்பதுதான் நடைமுறை. நான் உட்கார்ந்திருந்த வராந்தாவில் பெரும்பாலும் பிடித்தவர் ஓர் ஆயாம்மா. ஒப்பந்த ஊழியர். அவருக்குப் பேட்ஜ் கிடையாது. கதிர்ப் பணியாளர் பட்டியலில் அவர் பெயரே இல்லை. மூன்று அறைக்கு ஓர் ஏப்ரன் ஆணியில் தொங்கியது. "கட்டிக்கலாமேம்மா" என்றேன். "அது கல்லு மாதிரி கனக்குது கண்ணு. கட்டி முடிக்கிறதுக்குள்ள புள்ள நழுவிரும்" என்றார். அவர் வாங்கிய கதிர் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. பேட்ஜ் இல்லாதவருக்கு அளவும் இல்லை.

இது கதிரிலிருந்து இருக்கும் தூரம். அந்தத் துறையில் இன்னொரு தூரமும் இருக்கிறது. நோயாளியின் உடம்பிலிருந்து இருக்கும் தூரம். ரத்தம், மலம், வியர்வை, அழுகை எல்லாவற்றையும் தொடுபவர் அடுக்கில் கீழே இருக்கிறார். மேலே போகப் போக உடம்பு விலகி, கடைசியில் படம் மட்டும் மிஞ்சுகிறது. தள்ளி நின்று படிப்பது அந்தத் துறையின் இயல்பு, அதில் தவறில்லை. எம்.டி. கதிரியலில் மூன்று ஆண்டு இரவும் பகலும் கண் எரிய உழைப்பவர்கள் அவர்கள். ஆனால் தொடும் வேலை யாருக்குப் போகிறது, அதற்கு என்ன மரியாதை என்று பார்த்தால் ஊர்த் தெருவின் வரைபடம் அங்கே தெரிகிறது.

இந்தத் தூரம் உயிரையும் எடுக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் அதன் காந்தம் எந்நேரமும் விழித்திருக்கும், படம் எடுக்காதபோதும். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மாநகராட்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், உறவினருக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரையும் அவரையும் இழுத்தது. இறந்துபோனார். ஒரு டாக்டரும் கடைநிலை ஊழியர்களும் கைது செய்யப்பட்டார்கள். சிலிண்டரைத் தூக்குபவருக்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவருக்கும்தான் அந்தக் காந்தத்தைப் பற்றி முதலில் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்பு நடக்கும்போது அவர்களுக்கு நாற்காலி போடுகிறோமா?

நுரையீரலில் இருக்கும் தொழில்

எக்ஸ்ரேக்குச் சாதி தெரியாது என்று மேடைகளில் சொல்வோம். உண்மைதான், எலும்பில் சாதி இல்லை. ஆனால் நுரையீரலில் தொழில் இருக்கிறது. தொழிலில் சாதி இருக்கிறது.

1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. அதுவரை காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்து, சளியையும் நெஞ்சுப் படத்தையும் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகவே குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை மாறியது. அந்த மாற்றம் நம் சென்னையின் ஏழைகளுடைய நெஞ்சுப் படங்களில் எழுதப்பட்டது. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

அதே நெஞ்சுப் படம் நம்மை ஏமாற்றவும் செய்யும். கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்களின் நுரையீரலில் கல் தூசு படிந்து சிலிகோசிஸ் வரும். படத்தில் மேல் பகுதியில் சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். காசநோய் மாதிரியே இருக்கும். காசநோயும் சேர்ந்தே வரும். டாக்டர் அனுப்பும் சீட்டில் "மூன்று மாத இருமல்" என்று மட்டும் எழுதியிருந்தால், படிப்பவர் காசநோய் என்றுதான் எழுதுவார். மாத்திரை முடிந்தும் இருமல் நிற்காது. மறுபடியும் காசநோய், மறுபடியும் மாத்திரை.

நம் சமூகத்திலிருந்து போன ஒரு டாக்டர் தங்கை, கதிரியல் பட்டமேற்படிப்பில் இருந்தபோது சொன்னது இது. அவளுடைய அப்பா கல்லுடைத்தவர். துறையில் சேர்ந்த முதல் நாளே "எந்த கோட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இத்தனை ஆண்டு நடைமுறையில் இருந்தும் அந்தக் கேள்வி வாசலில் நிற்கிறது. தில்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எனக்குப் புதுசா இல்லக்கா" என்றாள்.

ஒரு நாள் அவளிடம் ஒரு நெஞ்சுப் படம் வந்தது. சீட்டில் "பழைய காசநோய், மீண்டும் இருமல்" என்று இருந்தது. அவளுக்குப் புள்ளிகளைப் பார்த்ததும் சந்தேகம். மேலே இருந்தவரிடம் சொன்னாள். "ஹிஸ்டரில அப்படி எதுவும் இல்லையே, டி.பி.ன்னே போடும்மா" என்றார். எக்ஸ்ரே அறிக்கைகளின் கடைசியில் வழக்கமாக ஒரு வரி வரும்: மருத்துவத் தகவலோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று. எல்லோரும் எழுதுகிற வரி அது. அவள் அதை எழுதுவதற்கு முன் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அந்த மனிதர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேலை செய்றீங்கண்ணா?"

"கிரஷர்லம்மா. பதினாலு வருசம்."

"இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையேம்மா."

அறிக்கையில் சிலிகோசிஸ் என்ற சொல் வந்தது. இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எடை உண்டு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோய்களில் சிலிகோசிஸ் இருந்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது. ராஜஸ்தான் அரசு 2019இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. காசநோய் என்று எழுதினால் அது அந்த மனிதரின் துரதிர்ஷ்டம். சிலிகோசிஸ் என்று எழுதினால் அதற்கு ஒரு முதலாளி பதில் சொல்ல வேண்டும்.

முடிவு நல்லபடியாக இருந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கிரஷரில் வருகைப் பதிவேடு இல்லை. அவர் அங்கே வேலை செய்தார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இழப்பீடு இதுவரை வரவில்லை. ஆனால் வைத்தியம் மாறியது. தூசு வேலையை விட்டார். அதே கிரஷரிலிருந்து இன்னும் இரண்டு பேர் நெஞ்சுப் படம் எடுக்க வந்தார்கள். தோழர்கள் அந்த அறிக்கைகளை வைத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு இன்றும் நடக்கிறார்கள். கையில் ஒரு காகிதம் இருக்கிறது. முன்பு அதுவும் இல்லை.

இடஒதுக்கீட்டால் தகுதி போகிறது என்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த ஒரு படம்தான். மற்றவர்களும் அதைப் பார்த்தார்கள். கல்லுடைத்தவரின் மகள் மட்டும் எழுந்து போய்க் கேட்டாள்.

என்ன செய்யலாம்

நான் செயல்பாட்டுக்காரி. வெறும் பேச்சோடு முடித்தால் அய்யா கடைசி வரிசையிலிருந்து எழுந்துவிடுவார்.

முதலாவது, எக்ஸ்ரே, ஸ்கேன் கேட்டு எழுதும் சீட்டில் நோயாளியின் தொழிலுக்கு ஒரு கட்டம் வேண்டும். இதற்கு இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. அச்சில் ஒரு வரி போதும். இங்கே இருக்கும் மருத்துவ மாணவர்கள், கட்டம் வரும்வரை பேனாவால் எழுதுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கும் சொல்லுங்கள்: கேட்காவிட்டாலும் வேலையைச் சொல்லுங்கள் என்று.

இரண்டாவது, கதிர் அறைக்குள்ளும் எம்.ஆர்.ஐ. அறை வாசலிலும் வேலை செய்யும் ஒப்பந்த ஊழியர் ஒவ்வொருவருக்கும் தமிழில் பயிற்சி வேண்டும். பிடிக்கும் வேலை அவர்கள்மேல் விழுவதை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாத இடத்தில் ஏப்ரனும் பேட்ஜும் அவர்களுக்கும் வேண்டும். சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கட்டணம். அரசு மருத்துவமனைகளில் மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையங்களில் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்று நெடுங்காலம் இருந்தது. வெளியே கேட்பதோடு ஒப்பிட்டால் குறைவு. தினக்கூலிக்கு அது பல நாள் கூலி. காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று என்று அலைபவர்களுக்குத் துணையாக நம் மாணவர்கள் வாரம் ஒரு நாள் அந்த வராந்தாவில் நிற்கலாம். நிற்பவர்களை எண்ணுங்கள். தூக்கி வருபவர்களையும் எண்ணுங்கள்.

நான்காவது எழுதுகிறவர்களுக்கு. ஆஸ்பத்திரியை எழுதுங்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரின், ஆயாம்மாவின், ரேடியோகிராபரின் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். ஹாம்பர்க்கில் 169 பெயரைக் கல்லில் வெட்டினார்கள். நம்மால் ஒரு நோட்டில் எழுத முடியும்.

அய்யா ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் அந்த இருட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசியாக உடம்பு முடியாமல் போனபோது அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப் போனோம். நெஞ்சுப் படம் எடுத்த சில நிமிடத்தில் திரையில் வந்துவிட்டது. பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர், இளைஞர், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "அய்யா, நீங்க இங்கதான் வேலை பார்த்தீங்களாமே. பாருங்க" என்றார். அவ்வளவு ஆண்டுகளில் ஒரு டாக்டர் அவரிடம் படத்தைக் காட்டிப் பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன். அய்யா வெகுநேரம் பார்த்தார். என்ன தெரிந்தது என்று எங்களிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

வெளியே வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் படத்துல ஈரமே இல்ல பாப்பா" என்றார்.

அந்த மெமோவை அவர் குடும்பம் இந்த மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசைமேல் இருக்கும். படித்துவிட்டுப் போங்கள்.